ஷிஃப்ட் கன்வர்ட்டருக்கு எந்த வினையூக்கி? இரும்பு, செம்பு, கோபால்ட் – ஓர் ஒப்பீடு

ஹைட்ரஜன் ஆலை ஒன்றைத் திட்டமிடும்போது எரிவாயுவையும் நீராவியையும் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடுமாக மாற்றும் ரிஃபார்மரைப் பற்றி மாதக்கணக்கில் விவாதிப்பார்கள். குழாயின் உலோகம் என்ன, பர்னர் மேலே இருக்கட்டுமா பக்கவாட்டில் இருக்கட்டுமா என்று கூட்டத்துக்கு மேல் கூட்டம் நடக்கும். அதற்கு அடுத்து நின்று, அந்தக் கார்பன் மோனாக்சைடிலிருந்து மேலும் ஹைட்ரஜன் எடுக்கும் ஷிஃப்ட் கன்வர்ட்டரின் முறை வரும்போது எல்லோரும் களைத்திருப்பார்கள். ‘வழக்கமானதைப் போட்டுவிடலாம்’ என்று ஒருவர் சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். ஆனால் வழக்கமானது என்று ஒன்று இங்கே கிடையாது. அமோனியா ஆலைக்கு வழக்கமானது எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குத் தேவைப்படாத செலவாகலாம். நிலக்கரி ஆலைக்குப் பொருத்தமானதை இயற்கை எரிவாயு ஆலையில் போட்டால் அது வேலையே செய்யாது.

வினை எளிமையானது. ஒரு மூலக்கூறு கார்பன் மோனாக்சைடும் ஒரு மூலக்கூறு நீராவியும் சேர்ந்து ஒரு ஹைட்ரஜனும் ஒரு கார்பன் டை ஆக்சைடும் ஆகின்றன. ஒரு மோலுக்கு 41 கிலோஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. இருபுறமும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமம் என்பதால் அழுத்தத்தைக் கூட்டியோ குறைத்தோ சமநிலையை நகர்த்த முடியாது. கையில் இருப்பவை இரண்டே கருவிகள்: வெப்பநிலை, நீராவியின் அளவு.

சிக்கல் வெப்பநிலையில் இருக்கிறது. வெப்பத்தை உமிழும் வினை என்பதால் குளிர்ச்சியில்தான் அது முழுமையை நெருங்கும். சமநிலை மாறிலி 220 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 140; 420 டிகிரியில் 10 அளவுக்கு விழுந்துவிடுகிறது; 800 டிகிரியைத் தாண்டினால் ஒன்றுக்கு வந்து நிற்கிறது. ஆனால் குளிர்ச்சியில் வினை நகரவே மறுக்கும். குறைந்த வெப்பத்தில் ஓட்டக்கூடிய வினையூக்கிகள் விலை கூடியவை, எளிதில் நஞ்சேறுபவை. அதிக வெப்பத்தில் இயங்குபவை முரட்டுத்தனமானவை, மலிவானவை, ஆனால் வேலையைப் பாதியில் விட்டுவிடுபவை. இந்த இழுபறிக்கு நூறு ஆண்டுக்கு மேலாக ஒரே தீர்வு கிடைக்கவில்லை என்பதால்தான் சந்தையில் நான்கைந்து தெரிவுகள் இருக்கின்றன.

எது சிறந்தது என்ற கேள்வியை முதலில் கேட்கவே கூடாது என்பது என் கட்சி. கன்வர்ட்டருக்கு முன்னால் கந்தகம் வருகிறதா, பின்னால் நிற்கும் கருவி எவ்வளவு கார்பன் மோனாக்சைடைப் பொறுத்துக்கொள்ளும் என்ற இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால் வினையூக்கி கிட்டத்தட்டத் தானாகவே தேர்வாகிவிடும். விற்பனையாளரின் பட்டியலைப் புரட்டுவது அதற்கப்புறம்தான்.

இரும்பு: பழைய குதிரை

ஜெர்மனியின் ஓப்பாவில் 1913இல் பி.ஏ.எஸ்.எஃப் நிறுவனத்தின் முதல் அமோனியா ஆலை தொடங்கியபோது ஹைட்ரஜனை மலிவாகப் பெறுவதே பெரும் தலைவலியாக இருந்தது. கார்ல் பாஷும் வில்ஹெல்ம் வில்டும் அந்தக் காலகட்டத்தில் இரும்பு ஆக்சைடும் குரோமியம் ஆக்சைடும் கலந்த வினையூக்கியை உருவாக்கினார்கள். இன்றைக்கும் உயர்வெப்ப ஷிஃப்டில் அடிப்படையில் அதுதான் ஓடுகிறது. சிவப்பாக உள்ளே போகும் இரும்பு ஆக்சைடு, வாயு பட்டதும் ஒடுங்கிக் கறுப்பு மேக்னடைட் ஆகிறது. வேலை செய்வது அந்த மேக்னடைட். எட்டுப் பத்து சதவீதம் சேர்க்கப்படும் குரோமியம், இரும்புத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துவிடாமல் தடுக்கிறது. 1980களிலிருந்து ஓரிரு சதவீதம் செம்பும் சேர்க்கிறார்கள்.

310 முதல் 450 டிகிரி வரை ஓட்டலாம். சிறிதளவு கந்தகம் வந்தால் சற்றுச் சோர்ந்து போகும், செத்துப்போகாது. முன்னால் நின்று வாயுவைக் குளிரவைக்கும் கொதிகலனின் குழாய் ஒழுகி நீர் தெளித்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். மேற்பரப்பில் உப்பு படிந்து அழுத்த வீழ்ச்சி கூடுவதுதான் தொல்லை. இதைத் தொடங்குவதும் எளிது: நீராவியாலேயே சூடேற்றலாம். அனுபவம் குறைந்த குழுவிடம் ஆலையை ஒப்படைக்கப் போகிறீர்கள் என்றால் இந்தப் பொறுமைக்கு மதிப்பு மிக அதிகம். எந்த விலைப்புள்ளி அட்டவணையிலும் அதற்கு ஒரு வரிசை இருக்காது.

எவ்வளவு மிச்சம் விடுகிறது என்பதை ஒரு கணக்கால் பார்ப்போம். ரிஃபார்மரிலிருந்து நீராவி நீங்கலாக 100 மோல் வாயு வருகிறது என்று கொள்வோம். அதில் ஹைட்ரஜன் 71, கார்பன் மோனாக்சைடு 13, கார்பன் டை ஆக்சைடு 10, மீத்தேன் 6. கூடவே 50 மோல் நீராவி. இயற்கை எரிவாயு ஆலையில் இது நம்பத்தகுந்த கலவை. 345 டிகிரியில் உள்ளே விட்டால் வினையின் சொந்த வெப்பத்தாலேயே 420 டிகிரிக்கு ஏறி வெளியே வரும். அந்த வெப்பநிலையின் சமநிலைப்படி 9 மோல் சொச்சம் மாறும், 3.8 மோல் அப்படியே நிற்கும். உலர்வாயுக் கணக்கில் 3.5 சதவீதம். எவ்வளவு புதிய வினையூக்கியைக் கொட்டினாலும் இதைத் தாண்ட முடியாது. இங்கே தடை வினையூக்கியின் திறமை அல்ல, வெப்ப இயக்கவியல்.

இரும்புக்கு இன்னொரு குறை, நீராவிப் பசி. நீராவி போதாவிட்டால் மேக்னடைட் மேலும் ஒடுங்கி இரும்பாகவும் இரும்புக் கார்பைடாகவும் மாறத் தொடங்கும். அவை ஹைட்ரஜனைக் கொண்டு ஹைட்ரோகார்பன்களை உண்டாக்கும். ஹைட்ரஜன் தயாரிக்க வந்த இடத்தில் ஹைட்ரஜனைச் செலவழிக்கும் கூத்து. சேர்க்கப்பட்ட செம்பு இதைக் கொஞ்சம் தள்ளிப்போடுகிறது, ஒழிக்கவில்லை. எரிசக்திச் செலவைக் குறைக்க ரிஃபார்மரின் நீராவி–கார்பன் விகிதத்தை 3லிருந்து கீழே இறக்க விரும்பும் இன்றைய வடிவமைப்பாளர்களுக்கு முதல் முட்டுக்கட்டை ரிஃபார்மர் அல்ல, கலத்தில் நிரப்பிய இந்த இரும்பு வினையூக்கிப் படுகைதான்.

குரோமியத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வினையூக்கியில் இருப்பது பெரும்பாலும் மூவிணைதிறன் குரோமியம். அது அவ்வளவு ஆபத்தானதல்ல. ஆனால் புதிய வினையூக்கியில் சிறிதளவும், பழையதைக் காற்றுபடச் சூடாக வெளியேற்றும்போதும் ஆறிணைதிறன் குரோமியம் இருக்க முடியும். அது புற்றுநோய்க் காரணி, நீரில் கரையும். ராணிப்பேட்டை சிப்காட்டில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற லட்சக்கணக்கான டன் கழிவு, நிலத்தடி நீரை என்ன செய்தது என்று அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஷிஃப்ட் வினையூக்கியின் அளவு அதோடு ஒப்பிட மிகச் சிறியதுதான். ஆனாலும் செலவழிந்த வினையூக்கியை யார் எடுத்துக்கொள்வார், எந்தக் கிடங்குக்குப் போகும் என்பதைக் கொள்முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது. குரோமியமே இல்லாத மாற்றும் வந்துவிட்டது: டென்மார்க்கின் டாப்சோ நிறுவனம் துத்தநாக–அலுமினிய ஆக்சைடை அடிப்படையாகக் கொண்ட உயர்வெப்ப வினையூக்கியை விற்கிறது. அதில் இரும்பும் இல்லை என்பதால் கார்பைடு தொல்லையும் இல்லை. நீராவி–கார்பன் விகிதத்தை 0.6 வரை இறக்கும் ஆலை வடிவமைப்பை அந்நிறுவனம் இதன் மேல்தான் கட்டியிருக்கிறது. புதிய பெரிய ஆலையாக இருந்தால் இதைப் பரிசீலிக்காமல் இரும்பை வாங்குவது சோம்பல்.

செம்பு: கூர்மையும் கோபமும்

1960களில் செம்பு–துத்தநாக ஆக்சைடு–அலுமினா வினையூக்கி வணிகத்துக்கு வந்தது. 190 முதல் 250 டிகிரிக்குள் வேலை செய்யும். மேலே சொன்ன அதே வாயுவை, இரும்புப் படுகைக்குப் பின் குளிரவைத்து இதன் வழியாக விட்டு 220 டிகிரியில் வெளியே எடுத்தால் மிச்சம் நிற்பது 0.35 மோல், அதாவது 0.3 சதவீதம். பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

அதற்கான விலையைப் பல இடங்களில் கொடுக்க வேண்டும். கந்தகம் பட்டால் செம்பு மீளாது. குளோரைடு அதைவிட மோசம். வாயுவில் கோடியில் சில பங்கு அளவிலேயே வந்தாலும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து படுகையைத் தின்றுவிடும். கொதிகலன் நீரின் வழியாகவோ, தணிப்புக்குத் தெளிக்கும் நீரின் வழியாகவோ, கடலோர ஆலைகளில் அமுக்கி இழுக்கும் காற்றின் வழியாகவோ அது வந்து சேரும். 250 டிகிரியைக் கணிசமாகத் தாண்டினால் செம்புத் துகள்கள் உருகாமலே ஒட்டிப் பெருத்துவிடும். கீழேயும் போக முடியாது: மேற்கண்ட வாயுவில் 30 பார் அழுத்தத்தில் நீராவி 170 டிகிரி அளவில் நீராகிவிடும். நனைந்த செம்பு வினையூக்கி பலமிழந்து நொறுங்கும். எனவே நுழைவு வெப்பநிலை அதற்கு மேல் குறைந்தது பதினைந்து இருபது டிகிரியாவது தள்ளி நிற்க வேண்டும். ஆக, இயங்குவதற்கு மிஞ்சும் இடம் ஐம்பது அறுபது டிகிரி.

தொடக்கமும் தனிச் சடங்கு. வினையூக்கி செம்பு ஆக்சைடாக வந்து சேர்கிறது. அதை ஹைட்ரஜன் கொண்டு உலோகச் செம்பாக ஒடுக்க வேண்டும். அந்த வினை ஏராளமான வெப்பத்தைக் கக்கும் என்பதால் நைட்ரஜனில் அல்லது இயற்கை எரிவாயுவில் ஒரு சதவீத அளவுக்கு ஹைட்ரஜனைக் கலந்து, படுகையின் ஒவ்வொரு வெப்பமானியையும் பார்த்துக்கொண்டு, ஓரிரு நாட்கள் ஊர்ந்துதான் முடிக்க வேண்டும். அவசரப்பட்டவர்கள் புது வினையூக்கியைத் தொடக்க நாளிலேயே பாழாக்கியிருக்கிறார்கள். ஒடுங்கிய பிறகு அதற்குக் காற்று ஆகாது, பட்டால் தானாகவே எரியும். ஷட்டவுனில் அதை நைட்ரஜன் சூழலில்தான் வெளியே எடுக்க முடியும். நைட்ரஜன் நிறைந்த கலத்துக்குள் மூச்சுக்கருவியோடு ஆளை இறக்குவது என்பது எந்த ஆலையிலும் மிக ஆபத்தான வேலைகளில் ஒன்று.

பெரும்பாலும் பேசப்படாத ஒரு துணை விளைவும் உண்டு: செம்பு சிறிதளவு மெத்தனாலையும் உண்டாக்கும். அது குளிர்ந்து நீராகும் நீராவியோடு சேர்ந்து வந்து, அந்த நீரிலிருந்து வாயுக்களைப் பிரிக்கும் வாயு நீக்கியின் புகைபோக்கி வழியே வெளியேறும். சுற்றுச்சூழல் அனுமதி வாங்கும் அதிகாரிக்கு இது நினைவிருக்க வேண்டும்.

பின்னால் யார் நிற்கிறார்?

இவ்வளவு வம்பு பிடித்த செம்பை ஏன் வாங்க வேண்டும்? அமோனியா ஆலையில் கேட்டால் விடை ஒரே வரியில் வரும்: மெத்தனேட்டர்.

அமோனியா வினையூக்கிக்குக் கார்பன் மோனாக்சைடு நஞ்சு. எனவே ஷிஃப்ட் விட்டுவைத்த மிச்சத்தை நிக்கல் படுகையில் மீத்தேனாக மாற்றி அழிக்கிறார்கள். அங்கே நுழையும் ஒவ்வொரு கார்பன் மோனாக்சைடும், பந்தியில் ஒருவர் உட்கார்ந்து மூன்று பேர் இலையை வழித்துவிட்டுப் போவதுபோல, மூன்று ஹைட்ரஜனைச் சாப்பிட்டுவிடுகிறது. ஷிஃப்டில் மாறியிருந்தால் அது ஒரு ஹைட்ரஜனைக் கொடுத்திருக்கும். ஆக நட்டம் நான்கு. வாயுவில் ஹைட்ரஜன் 60 சதவீதத்தை ஒட்டி இருக்கும் நிலையில், வெறும் 0.1 சதவீதம் கார்பன் மோனாக்சைடு கூடுதலாக மாறாமல் கசிந்தால் ஹைட்ரஜனில் 0.65 சதவீதம் போகிறது. நாளுக்கு 1000 டன் அமோனியா ஆலையில் அது ஆறு டன்னுக்குச் சற்று மேல். உண்டான மீத்தேனைச் சுழற்சியிலிருந்து வெளியேற்றும்போது கூடவே போகும் ஹைட்ரஜனை இதில் நான் சேர்க்கவில்லை.

வெப்பக் கணக்கு இன்னும் கறாரானது. மெத்தனேட்டரில் ஒரு சதவீதம் கார்பன் மோனாக்சைடு வெப்பநிலையை 70 டிகிரிக்கு மேல் ஏற்றும். இரும்புப் படுகையை மட்டும் நம்பி 3.5 சதவீதத்தை உள்ளே விட்டால் ஏற்றம் 250 டிகிரியைத் தொடும், கலமே தாங்காது. ஆகவே மெத்தனேட்டர் உள்ள ஆலையில் ‘இரும்பும் செம்பும்’ என்ற இரட்டைப் படுகைக்கு நடைமுறையில் மாற்றே இல்லை. அங்கே ஒப்பீடு வேண்டியதில்லை. செம்பை எப்படிக் காப்பாற்றுவது என்பதே பேச்சு.

யூரியாவும் தயாரிக்கும் ஆலையில் இன்னொரு கணக்கும் சேர்கிறது. 2019இல் எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் இந்தியன் ஆயிலின் திரவ இயற்கை எரிவாயு முனையம் திறந்த பிறகு, தமிழகத்தில் பெட்ரோலியத் திரவமான நாஃப்தாவை நம்பியிருந்த உர உற்பத்தி இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. நாஃப்தாவில் கார்பன் விகிதம் அதிகம். எனவே ஷிஃப்டுக்கு வரும் கார்பன் மோனாக்சைடும், கடைசியில் கிடைக்கும் கார்பன் டை ஆக்சைடும் அதிகம். எரிவாயுவுக்கு மாறினால் ஷிஃப்டின் சுமை குறைகிறது, மகிழ்ச்சி. ஆனால் அமோனியா முழுவதையும் யூரியாவாக்கத் தேவையான கார்பன் டை ஆக்சைடு இழுபறியாகிறது. அப்போது ஷிஃப்டில் தப்பிய ஒவ்வொரு மூலக்கூறும் ஹைட்ரஜனை மட்டுமல்ல, யூரியாவின் மறுபாதியையும் எடுத்துக்கொண்டு போகிறது. இப்படி மாறிய ஆலையில் செம்புப் படுகையை ஆயுளின் கடைசி மூச்சுவரை ஓட்டுவது சிக்கனம் அல்ல.

இனி சுத்திகரிப்பு ஆலைக்கு வருவோம். பழைய ஹைட்ரஜன் ஆலைகளும் மெத்தனேட்டரோடுதான் கட்டப்பட்டன. கிடைத்த ஹைட்ரஜன் 95 முதல் 98 சதவீதத் தூய்மை. 1980களில் பி.எஸ்.ஏ. எனப்படும் அழுத்த மாற்றப் பரப்புக்கவர்ச்சி முறை பரவியதும் காட்சி மாறியது. பி.எஸ்.ஏ. படுகைகள் கார்பன் மோனாக்சைடு, மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு 99.9 சதவீதத்துக்கு மேல் தூய ஹைட்ரஜனைத் தரும். பிடித்தவை வீணாவதில்லை, ரிஃபார்மர் அடுப்புக்கே எரிபொருளாகத் திரும்புகின்றன.

இந்தக் கடைசி வாக்கியம்தான் தீர்ப்பை மாற்றுகிறது. ஒரு மோல் கார்பன் மோனாக்சைடு எரிந்தால் 283 கிலோஜூல். ஒரு மோல் ஹைட்ரஜன் எரிந்தால் 242. ஷிஃப்டில் தப்பியது அடுப்பில் எரிந்து, இல்லாவிட்டால் வெளியிலிருந்து வாங்கியிருக்க வேண்டிய எரிவாயுவை மிச்சப்படுத்துகிறது. எனவே செம்பாலான தாழ்வெப்பப் படுகை தரும் கூடுதல் ஹைட்ரஜனை முழு இலாபமாக எழுதிக்கொள்ளும் விற்பனைக் கணக்குகளை நம்ப வேண்டாம். அடுப்பில் குறையும் எரிபொருளை மறுபக்கத்தில் கழித்துப் பாருங்கள், இலாபம் சுருங்கிவிடும்.

சுருங்கும், மறையாது. நம் எடுத்துக்காட்டு வாயுவில் இரும்பு மட்டும் என்றால் ஹைட்ரஜன் 80 மோல் சொச்சம். செம்பையும் சேர்த்தால் 83.6. நாலு சதவீதம் வித்தியாசம். அதே ஹைட்ரஜனுக்கு ரிஃபார்மரை நாலு சதவீதம் சிறிதாகக் கட்டலாம். ஆலையின் மிக விலையுயர்ந்த கருவி அதுதான். ஏற்கெனவே கட்டி முடித்து, ரிஃபார்மர் குழாய்கள் தாங்கும் எல்லையில் ஓடிக்கொண்டிருக்கும் ஆலையில் அந்த நாலு சதவீதம் வேறெங்கிருந்தும் கிடைக்காது. டீசலில் கந்தகத்தை 10 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்குக் குறைக்க வேண்டிய பாரத் ஸ்டேஜ் 6 தரம் 2020இல் நாடு முழுவதும் வந்த பிறகு, சுத்திகரிப்பு ஆலைகளில் ஹைட்ரஜன் மிச்சம் இருந்த காலம் போய்விட்டது.

நடுவழி

இரட்டைப் படுகையும் வேண்டாம், இரும்பு மட்டும் போதாது என்பவர்களுக்கு நடுத்தர வெப்ப ஷிஃப்ட் இருக்கிறது. வெப்பம் தாங்கும்படி பலப்படுத்திய செம்பு வினையூக்கியை ஒரே கலத்தில் போட்டு 220 டிகிரியில் தொடங்கி 320க்கு ஏறவிடுவது ஒரு முறை. நம் வாயுவில் 1.4 சதவீதம் மிச்சம் நிற்கும், ஹைட்ரஜன் 82.4 மோல். இரட்டைப் படுகை தரும் கூடுதலில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே கலத்தில் வந்துவிடுகிறது. இரும்பு இல்லாததால் நீராவியையும் தாராளமாகக் குறைக்கலாம். பி.எஸ்.ஏ. வைத்த புது ஆலைக்கு இதுவே என் முதல் தெரிவு.

ஒரு நிபந்தனை: செம்பு இப்போது முன்வரிசைக்கு வந்துவிட்டது. இரட்டைப் படுகையில் இரும்பு முன்னால் நின்று கொதிகலன் அழுக்கையும் கொஞ்சம் கந்தகத்தையும் வாங்கிக்கொண்டது. இங்கே அந்தக் காவல் இல்லை. ரிஃபார்மரின் நிக்கலுக்கே கந்தகம் ஆகாதே, அதற்காகச் சுத்தம் செய்த வாயுதானே வருகிறது என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் 850 டிகிரியில் உள்ள நிக்கல் சிறு கசிவைப் பிடித்துப் பிறகு விட்டுவிடும், மீண்டுவிடும். 220 டிகிரியில் உள்ள செம்பு வந்ததையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே மூலப்பொருள் அடிக்கடி மாறும் ஆலை, அதாவது ஒரு மாதம் எரிவாயு, மறுமாதம் நாஃப்தா, இடையில் சுத்திகரிப்பு ஆலையின் கழிவு வாயு என்று ஓட்டப்படும் ஆலை இதைத் தேர்ந்தால் கந்தக நீக்கப் படுகையின் மேல் கூடுதலாகச் செலவழித்தாக வேண்டும். செலவழிக்க மனமில்லை என்றால் பழைய இரும்போடு இருப்பதே விவேகம்.

படுகைக்குள் குழாய்களைச் சுருட்டி வைத்து, அதில் நீரைக் கொதிக்கவைத்து வெப்பநிலையை ஏறவிடாமல் பிடிக்கும் சமவெப்பக் கலமும் உண்டு. ஒரே படுகையில் இன்னும் குறைந்த கசிவு கிடைக்கும். கலம் சிக்கலானது, விலை கூடியது. உள்ளே ஒரு குழாய் ஒழுகினால் நனைவது செம்பு. நல்ல பராமரிப்புக் குழு உள்ள இடத்துக்கு மட்டும் சொல்வேன்.

கந்தகம் வேண்டும் என்கிற வினையூக்கி

நிலக்கரியையோ, எண்ணெய்ச் சுத்திகரிப்பில் மிஞ்சும் கரியான பெட்ரோலியக் கோக்கையோ வாயுவாக்கும் இடத்தில் மேலே சொன்ன எல்லாமே தலைகீழ். அங்கே வரும் வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும், அதுவும் தாராளமாக. செம்பு ஒரு நாள்கூடத் தாங்காது. 1960களின் பிற்பகுதியில் வந்த கோபால்ட்–மாலிப்டினம் வினையூக்கியோ, சல்பைடாக மாறினால்தான் உயிர்பெறும். கந்தகம் குறைந்துபோனால் சல்பைடு கரைந்து செயலிழந்துவிடும். வெப்பமும் நீராவியும் கூடக்கூட அதற்குத் தேவையான கந்தகமும் கூடும். 200 முதல் 475 டிகிரி வரை அகலமான எல்லைக்குள் இயங்கும். இயற்கை எரிவாயு ஆலைக்காரர் ஒருவர் ‘இது நஞ்சேறாதாமே, இதையே போட்டால் என்ன’ என்று கேட்பதுண்டு. அவரிடம் உள்ள வாயுவில் அதற்கு உணவே இல்லை.

நிலக்கரியில் உண்மையான போட்டி வினையூக்கிகளுக்குள் அல்ல, வரிசைக்குள்: கந்தகத்தை முதலில் நீக்கிவிட்டு இரும்பில் ஷிஃப்ட் செய்வதா, கந்தகத்தோடே ஷிஃப்ட் செய்துவிட்டுப் பிறகு எல்லாவற்றையும் சேர்த்து நீக்குவதா? முதல் வழியில் வாயுவைக் குளிர்ந்த மெத்தனால் கழுவலுக்காகச் சுழியத்துக்கு வெகு கீழே இறக்க வேண்டும். அதிலிருந்த நீராவியெல்லாம் நீராகப் போய்விடும். பிறகு மீண்டும் சூடாக்கி, புதிதாக நீராவி சேர்த்து, ஷிஃப்ட் செய்து, உண்டான கார்பன் டை ஆக்சைடை நீக்க மறுபடி குளிரவைக்க வேண்டும். இரண்டாவது வழியில் ஒரே ஏற்றம், ஒரே இறக்கம். வாயுவாக்கியிலிருந்து நீரில் முக்கித் தணித்து வெளிவரும் வாயுவாக இருந்தால் தேவையான நீராவி அதனுள்ளேயே இருக்கிறது. நேரே கன்வர்ட்டருக்குள் போகலாம். அமோனியாவில் பெரும்பகுதியை நிலக்கரியிலிருந்தே எடுக்கும் சீனா கந்தக ஷிஃப்டுக்குச் சாய்ந்ததில் வியப்பில்லை.

வாயுவாக்கி உலர்வகையாக இருந்தால் சிரமம் கூடும். கார்பன் மோனாக்சைடு 60 சதவீதத்தை ஒட்டி வரும். மொத்தத்தையும் ஒரே படுகையில் விட்டால் வெப்பநிலை கட்டுமீறும். நீராவியையும் சேர்த்த ஈரவாயுவில் ஒரு சதவீதம் மாறினாலே 12 டிகிரி ஏறுகிறது என்பதை நினைவில் வையுங்கள். எனவே இரண்டு மூன்று படுகைகள், இடையிடையே நீர் தெளித்துத் தணித்தல், நுழைவில் ஒரு பங்கைத் திருப்பிவிடுதல் என்று அமைக்க வேண்டும். ஹைட்ரஜனும் ஹைட்ரஜன் சல்பைடும் சேர்ந்து சூடாகத் தாக்கும் என்பதால் கலங்களின் உலோகமும் உயர்தரமாக இருந்தாக வேண்டும்.

ஒடிசாவின் தால்ச்சரில் நிலக்கரியோடு பெட்ரோலியக் கோக்கைக் கலந்து ஆண்டுக்கு 12.7 லட்சம் டன் யூரியா தயாரிக்க எழும்பும் ஆலைக்கு 2018 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். 2024 ஜனவரியில் நிலக்கரி வாயுவாக்கத் திட்டங்களுக்கு மத்திய அமைச்சரவை 8,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகைக்கு ஒப்புதல் தந்தது. நெய்வேலியில் 1960களிலேயே பழுப்பு நிலக்கரியை வாயுவாக்கி யூரியா எடுத்தவர்கள் நாம்; இந்தத் துறை நமக்குப் புதிதல்ல. இத்தகைய திட்டங்களில் ஷிஃப்ட் எவ்வளவு என்பது இறுதிப் பொருளைப் பொறுத்தது. யூரியாவென்றால் கிட்டத்தட்ட முழுவதும். மெத்தனாலென்றால் கார்பன் மோனாக்சைடும் தேவை; ஹைட்ரஜன் அதைப்போல் இரு மடங்கு இருந்தால் போதும். வாயுவில் ஒரு பங்கை மட்டும் கன்வர்ட்டர் வழியே விட்டு, மீதியைச் சுற்றுவழியில் அனுப்பிக் கலந்துவிடுவார்கள். அங்கே கசிவைப் பற்றிக் கவலையே இல்லை; சுற்றுவழி வால்வு சரியாக வேலை செய்கிறதா என்பதுதான் கவலை.

எரிபொருள் கலங்களுக்கு ஒரு வரி. ஜப்பானில் 2009 முதல் விற்கப்படும் எனி-ஃபார்ம் போன்ற, வீட்டுக்கு மின்சாரம் தரும் கருவிகளின் பாலிமர் சவ்வு வகைகளில் கார்பன் மோனாக்சைடு 10 பிபிஎம் அளவுக்கு இறங்க வேண்டும். ஷிஃப்டால் மட்டும் அது முடியாது, பின்னால் கார்பன் மோனாக்சைடை மட்டும் தேர்ந்து எரிக்கும் தெரிவு ஆக்சிஜனேற்றப் படுகை வேண்டும். அடிக்கடி நிறுத்தித் தொடங்கும் கருவிகளுக்குக் காற்றைக் கண்டு எரியாத பிளாட்டினம்–சீரியா வகைகள் ஆராயப்பட்டன. டன் கணக்கில் நிரப்பும் ஆலைகளுக்கு அந்த விலை கட்டாது.

ஏற்கெனவே நிற்கும் கலத்துக்கு

புது ஆலை கட்டும் வாய்ப்பு சிலருக்கே கிடைக்கும். பெரும்பாலோருக்கு அடுத்த ஷட்டவுனில் பழைய கலத்தில் எதை நிரப்புவது என்பதே கேள்வி. மெத்தனேட்டர் உள்ளவர்கள் செம்புப் படுகையின் ஆயுளை நீட்டப் பார்க்க வேண்டும். சாதாரணமாக மூன்று முதல் ஐந்து ஆண்டு வரும். குளோரைடைப் பிடிக்கும் காவல் அடுக்கை மேலே போட்டு, கொதிகலன் ஒழுகலை உடனுக்குடன் அடைத்தால் அதைத் தாண்டும். காவலுக்குத் தனிக் கலம் வைத்து, பிரதானப் படுகையைத் தொடாமல் அதை மட்டும் மாற்றுவது இன்னும் நல்லது. பி.எஸ்.ஏ. உள்ளவர்கள், இரும்புக் கலத்தில் அப்படியே செம்பைக் கொட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். நுழைவு வெப்பநிலையை 345லிருந்து 220க்கு இறக்க முன்னாலுள்ள கொதிகலனுக்குப் பரப்பு போதுமா, தொடக்கத்தில் ஒடுக்குவதற்கு நைட்ரஜன் சுற்று இருக்கிறதா, சூடேற்றும்போது நீராவி படுகையில் நீராகாமல் இருக்க வழி உண்டா என்று மூன்றையும் பார்த்தபின்தான் பேச வேண்டும். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும், செம்பு சேர்த்த இரும்பையே மீண்டும் நிரப்பிவிட்டு, கொதிகலனை மாற்றும் செலவை அதற்கடுத்த ஷட்டவுனின் பட்ஜெட்டில் எழுதிவையுங்கள்.